மீன் பையும் உன் படமும்

அலெக்சாந்திரியா, இப்ராஹிமியா
ஷம் எல் நசீம் வசந்தப் பண்டிகை முடிந்த மூன்றாம் நாள்

அன்பு மகள் ஷஹீராவுக்கு,

உன் அப்பா சப்ரி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம், மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன், நிதானமாக உட்கார்ந்து படி, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிக்காதே. உன் நலத்தை அம்மா ஐந்து வேளைத் தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், நீயும் ஒரு வார்த்தை அடிக்கடி சொன்னால் தேவலை. போனில் பேசலாமே, இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், உன் அத்தை இஹ்சான் பின்னாலிருந்து கத்துகிறாள், நீயும் "சரி பாபா, சரி பாபா" என்று வைத்துவிடுகிறாய். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் இன்று நான் சொல்வதை நீ முழுக்கக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இந்த வருஷம் வசந்தம் எனக்குப் பாட்டும் கூத்துமாக வந்து தலைவலியாக முடிந்தது. ஊரில் யாரோ பத்துப் பேர் சேர்ந்து வசந்தக் கலைவிழா என்று ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள், ஒரு நாள் கடற்கரையில் கச்சேரி, ஒரு நாள் பூங்காவில் பொம்மலாட்டம், ஒரு நாள் சினிமா. நீ எடுத்த படமும் அதில் இருக்கிறது என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா நக்லா அந்த விழாவே தன் வீட்டுக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டாள். "நம்ம பொண்ணு படம் போடுறாங்க, அவங்க மத்த நிகழ்ச்சிக்கு நாம போகலேன்னா என்ன நினைப்பாங்க?" என்று என்னை இழுத்துக்கொண்டு போகாத இடமில்லை. கச்சேரிக்குப் போன அன்றைக்குப் பார்த்து கம்சீன் மணல்காற்று அடித்தது, வயலின்காரர் வாசித்ததைவிடக் கண்ணைக் கசக்கியதுதான் அதிகம், எனக்குப் பல்லெல்லாம் மணல். பொம்மலாட்டத்துக்குப் போனால் அத்தையின் பேரப்பிள்ளைகள் மூன்றும் பொம்மையைப் பார்க்காமல் பஞ்சுமிட்டாய்க்காரனைப் பார்த்து அழுதன, நான்தான் முழு ஆட்டத்தையும் பார்த்தேன். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டது ஒரே ஒரு படத்துக்காக. நீதான் சொல்லிவிட்டாயே, போனில் அனுப்ப மாட்டேன், பெரிய திரையில் ஜனங்களோடு உட்கார்ந்துதான் பார்க்கணும் பாபா என்று. இந்த ஊரில் ஒரே ஒரு தடவைதான் போடுகிறார்கள் என்றும் சொன்னாய். அந்த ஒரு தடவையை உன் அப்பா எப்படிக் கோட்டைவிட்டான் என்பதைக் கேள்.

விழாக்காரர்களின் புத்தியைப் பார், ஷம் எல் நசீம் அன்று சாயங்காலம் படத்தைப் போடுகிறார்கள். விடுமுறைதானே, குடும்பம் குடும்பமாக வருவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அந்தக் குடும்பங்கள் அன்று கையில் என்ன வைத்திருக்கும் என்பதை யோசிக்கவில்லை. உன் மாமா ஷவ்கியை உனக்குத் தெரியும். மாசக்கணக்கில் உப்பில் ஊறிய மீன் இல்லாமல் அவருக்கு ஷம் எல் நசீம் விடியாது, அதுவும் கண்ட கடையில் வாங்க மாட்டார், தனக்கு மட்டும் தெரிந்த ஒரு ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவார். வழக்கம்போல டிவியில் டாக்டர்கள் வந்து அந்த மீனைத் தின்னாதீர்கள், உயிருக்கு ஆபத்து என்றார்கள், வழக்கம்போல நாங்களும் அதைப் பார்த்துக்கொண்டே பச்சை வெங்காயத்தை நறுக்கினோம். காலையிலேயே பூங்காவில் விரிப்பை விரித்துச் சாயம் பூசிய முட்டை, வெங்காயம், ரொட்டி, மீன் என்று உட்கார்ந்தாயிற்று. எல்லாரும் தின்றும் பாதிக்கு மேல் மீதி. மாமா அதைக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, "வாடை துளிகூட வராது மச்சான்" என்றார். அவர் மூக்குக்கு வராது, அது உண்மை.

அங்கிருந்து நேராக டிராம் ஏறி அரங்கத்துக்குப் போனோம். டிராமில் இருந்த அத்தனை பேர் கையிலும் அதே மாதிரி ஒரு பை, அதனால் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அரங்க வாசலில் உன் மாமா, "மச்சான், ஒரு நிமிஷம் இதப் புடிங்க, செருப்பு வாரு அறுந்துபோச்சு" என்று பையை என் கையில் திணித்துவிட்டுக் குனிந்தார், நிமிரும்போது உள்ளே இருந்தார். சுங்கத்தில் வேலை பார்த்தவன் என்னவோ நான், கடத்தல்காரராக இருந்திருக்க வேண்டியவர் அவர்.

வாசலில் காவல் நின்றவருக்கு ஃபர்கலி என்று பெயராம், பின்னால் தெரிந்துகொண்டேன். ஐம்பது வயதிருக்கும், தடித்த மீசை. ஊரே ஒரே வாடையாகக் கிடக்கும் நாளில் இவர் ஒருவருக்கு மட்டும் எங்கிருந்துதான் அப்படி ஒரு மூக்கு வாய்த்ததோ. என் கையைத் தொட்டு, "ஹாஜ், பையைத் திறங்க" என்றார். துறைமுகச் சுங்கத்தில் ஆயுசு முழுக்க ஊரான் பையைத் திறக்கச் சொன்னவன் நான், என்னிடமே. என்ன இருக்கிறது என்று கேட்டார், துணி என்றேன். எத்தனை பேர் என்னிடம் சொன்ன பொய், என் வாயிலும் அதே பொய்தான் வந்தது. "துணியா? எந்தக் கடல்ல செத்த துணி?" என்று கேட்டாரே பார்க்கலாம், பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "உள்ள ஜன்னல் கிடையாது ஹாஜ். போன வருஷம் ஒரு குடும்பம் கொண்டாந்துச்சு, நாற்காலித் துணியெல்லாம் மாத்த வேண்டியதாப்போச்சு. நீங்க வாங்க, மீன் வேணாம்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எந்தச் சட்டத்தில் மீனுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறது, காட்டு என்றேன். அவர் சட்டம் கிடக்கட்டும், மூக்கு இருக்கிறது என்றார். நான் விடவில்லை. அதற்குள் இஹ்சான் அத்தை, "டேய் சப்ரி, வந்த இடத்துலயும் வக்கீலா?" என்று என்னைத் தாண்டிப் போனாள். உன் அம்மா, "நீங்க நியாயம் பேசி முடிச்சுட்டு வாங்க, எடம் புடிச்சு வைக்கிறேன்" என்று போனாள். நான் நியாயம் பேசி முடித்தபோது விளக்கை அணைத்துவிட்டார்கள், அவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பையைக் குப்பையில் எறிந்துவிட்டு உள்ளே போவதுதானே என்று நீ கேட்பாய், உன் அம்மாவும் அதைத்தான் கேட்கிறாள். ஷவ்கி மாமாவின் மீனைக் குப்பையில் எறிந்துவிட்டு இந்தக் குடும்பத்தில் நான் உயிரோடு இருக்க முடியுமா? என் ஜனாஸா ஊர்வலத்தில்கூட அதைச் சொல்லிக் காட்டுவார். கீழே வைக்கலாம் என்றால் சுற்றிலும் பூனைகள், வாலைத் தூக்கிக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தன. முதல் படமே உன்னுடையதுதான் என்று உன் அம்மா நூறு தடவை சொல்லியிருந்தாள், கால் மணி நேரம்கூட ஓடாத படம் என்றும் சொல்லியிருந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, என் மகள் எடுத்த படம் உள்ளே ஓடுகிறது, நான் மீனைக் கட்டிக்கொண்டு கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறேன். பெட்டிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு பெண் குரல் ஏதோ விமானத்தின் எண்ணைச் சொன்னது. அப்புறம் ஒன்றுமே இல்லை. படம் நின்றுவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அமைதி. உள்ளே ஒருவர் இருமவில்லை, உன் அத்தைகூடப் பேசவில்லை. அந்த அமைதியில் திரையில் என்னதான் ஓடுகிறது என்று தெரியாமல் எனக்குக் கதவை உடைத்துவிடலாமா என்றிருந்தது.

அப்போது கதவு கொஞ்சம் திறந்து அந்த ஃபர்கலி வெளியே வந்தார். என்னைப் பார்த்தார், திரும்பி உள்ளே பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். "ஹாஜ், கோவிச்சுக்காதீங்க, அந்த மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார். என்ன இழவுக்கு என்று கேட்டுக்கொண்டே கழற்றினேன். "நீங்கதான்" என்றார். எது நான்தான் என்றேன். "உள்ள ஏர்போர்ட்டு வாசல்ல, எல்லாரும் போன பெறகும் கண்ணாடிச் சுவத்துல நெத்திய வச்சுக்கிட்டு ஒருத்தர் அழுறாரே, அது நீங்கதானே?" என்றார். அவர் வேறொன்றும் கேட்காமல் என் கையிலிருந்த பையைத் தானே வாங்கிக்கொண்டார். அவ்வளவு சட்டம் பேசிய மனிதர், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "நான் வச்சிருக்கேன், சீக்கிரம் போங்க" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். நான் ஓடினேன். திரையில் வெள்ளை எழுத்துகள் மேலே போய்க்கொண்டிருந்தன. அதில் உன் பெயரும் இருந்திருக்கும், கழற்றிய கண்ணாடியை நான் சட்டைப் பையில் தேடி மாட்டுவதற்குள் அதுவும் முடிந்து விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன்வரிசைகளில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், முன்பின் தெரியாத ஒரு அம்மாள் எழுந்து கைதட்டினாள், மற்றவர்களும் தட்டினார்கள். நான் மீன் வாடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

சரி, பார்த்தவர்களையாவது கேட்போம் என்றால், அதற்கு மீனிடமே கேட்டிருக்கலாம். அத்தை, "நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு பாட்டுகூட இல்லையேடா" என்கிறாள். மாமா, "மச்சான், ஒங்க தொப்பை தெரியாம எடுத்திருக்கா, கெட்டிக்காரி, ஆனா படம் ஆடிக்கிட்டே இருக்கு, எனக்குத் தல சுத்திருச்சு" என்கிறார். உன் அம்மா டிராமில் வரும்போது தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியவேண்டும். நீ ஊரைவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு எல்லாரும் விமான நிலைய வாசலிலேயே விடைகொடுத்துவிட்டுக் காருக்குப் போனார்கள், சிகரெட் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் திரும்பி வந்தேன். நீ உள்ளே போய்விட்டாய், யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன். நீ பார்த்திருக்கிறாய். பார்த்ததோடு நிற்காமல் போனை எடுத்துப் படமும் பிடித்திருக்கிறாய். அதற்கப்புறம் திரும்பி நடந்துபோய் விமானத்தில் ஏறியிருக்கிறாய். இந்த நாலு வருஷமாக எப்படி இருக்கீங்க பாபா என்று நீ கேட்கிறாய், எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன் என்று நான் சொல்கிறேன், அப்போதெல்லாம் நான் சொல்வது பொய் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு வசந்தத்துக்குக்கூட வரவில்லையே ஷஹீரா. லீவு கிடைக்கவில்லை என்கிறாய், சீட்டு விலை என்கிறாய், எல்லாம் சரி. உலகத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் நான் அழுததைக் காட்ட நேரம் கிடைத்தது.

இதை இப்படியே எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்றுக் காலை மிச்ச முட்டைகளை உரித்துக்கொண்டிருந்த உன் அம்மாவிடம், நான் அழுததைப் பார்த்தா நீ இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டுவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, "நீங்க அழுதது எனக்கு அன்னிக்கே தெரியும். சிகரெட் வாங்கப் போன மனுசன் வெறுங்கையும் செவந்த கண்ணுமா வந்தா எந்தப் பொண்டாட்டிக்குத் தெரியாது? படத்துல நான் ஒங்களப் பாக்கவே இல்லீங்க. அந்தக் கண்ணாடிச் சுவத்துல எங்கயாவது ஓரத்துல எம்பொண்ணு மொகம் விழுந்திருக்கான்னு தேடிக்கிட்டே இருந்தேன். மொகம் இல்ல. ஒரு கை தெரியுது, போனப் புடிச்சிருக்கிற கை. அது கடைசி வரைக்கும் நடுங்குது. ஷவ்கி படம் ஆடுதுங்கிறான், மடையன்."

அதற்கப்புறம் என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை மகளே. அந்தப் படத்தை இனி நான் பார்க்க வேண்டாம், எனக்கு அனுப்பவும் வேண்டாம். அதில் இருக்கிற ஆளை நான் தினமும் சவரம் செய்யும்போது பார்க்கிறேன். என்னைக் காட்டியதெல்லாம் போதும், நீ அங்கே தனியாக நின்று எப்படி அழுதாய் என்பதை எனக்கு யார் காட்டுவார்கள்?

அல்லாஹ் உன்னையும் உன் கைகளையும் காப்பானாக. குளிரில் தலையை மூடிக்கொள், ரொட்டியையே தின்றுகொண்டிருக்காமல் அடுப்பைப் பற்றவைத்து ஏதாவது சமைத்துச் சாப்பிடு. அம்மா முத்தம் தரச் சொன்னாள், அத்தையும் மாமாவும் ஸலாம் சொன்னார்கள். நீ ஊருக்கு எந்த நாள் வருகிறாய் என்பதை எனக்கு மட்டும் சொல், இவர்களைக் கூட்டிவந்தால் உன் பக்கத்தில் நிற்க எனக்கு இடம் இருக்காது.

ஊரறிய அழுத உன் அப்பா,
சப்ரி