கப்பலுக்கு எதிரே ஓடும் படகு

மச்சான்,

இன்று காலை சாய்ந்தமருதுக் கடற்கரையில் உன் வாப்பா படகு இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் நிற்பது போலவே இருந்தது. நீ மௌத்தாகி, எங்களை விட்டுப் போய், இரண்டு நோன்பு மாதம் கடந்துவிட்டது. லீவில் வந்தவன் உன்னை அடக்கிய கபுறடியில் நின்று துஆ ஓதி ஸியாரத் செய்துவிட்டு அப்படியே அவரைப் பார்க்கப் போனேன்.

"நீங்க ரெண்டு பேரும் செஞ்ச அந்தக் கப்பல் பீரங்கி முடிஞ்சிதா மகன்?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா" என்றேன். அதற்குமேல் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

வெளிநாட்டில் ஒரே மேசையில் இருந்து அந்தப் பீரங்கிக்கு நாம் புத்தி புகட்டிய காலம் நினைவிருக்கிறதா? ராடாரிலும் கமராவிலும் தெரிகிற படகு எதிரியா என்று அதுவே கண்டுபிடித்துக் குறிபார்க்க வேண்டும். சிறிய படகு, முழு வேகம், நேராகக் கப்பலை நோக்கி வருகிறது, வானொலியில் கூப்பிட்டால் பதில் இல்லை. அப்படியென்றால் தாக்க வருகிறது. இந்த விதியை எழுதியவன் நான்தான். பரீட்சித்தபோது திரையில் படகு எதிரி என்று சிவப்பாக மாறியது, நான் கைதட்டினேன். நீ தட்டவில்லை.

"அது எங்கட வாப்பாடா" என்றாய்.

எனக்கு விளங்கவில்லை. விரித்த வலைக்கு மேலால் கப்பல் வரப் பார்த்தால் உங்கள் ஊர் மீனவர்கள் என்ன செய்வார்கள் என்று அன்றுதான் சொன்னாய். இயந்திரத்தை முடுக்கி, சட்டையைக் கழற்றி ஆட்டிக்கொண்டு, கப்பலுக்கு நேரெதிரே ஓடுவார்களாம். பல படகுகளில் வானொலியே கிடையாதாம். நான் இறக்காமத்து வயல்காரன், நம்பாமல் சிரித்தேன்.

"டேய், யானை வயலுக்க வந்தா உங்கட வாப்பா வீட்டுக்க ஓடுவாரா, யானை வெடியோட முன்னுக்குப் போவாரா?"

"முன்னுக்குத்தான்."

"அப்ப? வலையும் அப்படித்தான். அது போனா மறுகா என்னத்தத் திங்கிற?"

ஆயுதமே வேண்டாம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. கப்பலில் நிற்கிறவனும் ஓர் உம்மாவின் பிள்ளைதான், அவனும் பத்திரமாகத் திரும்ப வேண்டும் என்பாய். ஆனால் குண்டு ஏற்றாமல், மீன்பிடிப் படகுகளை எதிரே ஓடவிட்டுச் சோதித்த பிறகே அது கப்பலேற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய். அந்தச் சோதனைத் திட்டத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே எழுதி முடித்தாய். படுபாவி, அந்த நிலையிலும் என் தாடியைக் கிண்டல் செய்தாய்.

இப்போது கம்பனியில் அந்தச் சோதனையைத் தூக்கிவிட்டார்கள். நாள் போதாதாம். பீரங்கியைக் கப்பலேற்ற என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் லீவு எடுத்து வந்ததே அதைத் தள்ளிப்போடத்தான், கோழை மாதிரி. கடற்கரையில் இருந்து திரும்பியதும் மேலாளருக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன். சோதனை நடக்காமல் ஒப்பமிட மாட்டேன் என்றேன். வேறு ஆள் பார்ப்போம் என்றார். தாராளமாகப் பாருங்கள், வருகிறவருக்கும் காரணத்தை எழுதி வைப்பேன் என்றேன். வேலை போனால் போகட்டும்.

அல்லாஹ் உன் கபுறை விசாலமாக்கட்டும். அடுத்த கிழமை திரும்பிப் போகிறேன். அவர்களாகப் பிடித்துத் தள்ளும்வரை அந்த மேசையை விட்டு எழும்ப மாட்டேன். முன்பெல்லாம் திரையில் ஒரு படகு விரைந்து வந்தால் அதன் வேகத்தைத்தான் பார்ப்பேன். இப்போது அதன் வலை எங்கே கிடக்கிறது என்று தேடுகிறேன், மச்சான்.