தோரின்யா கேட்ட கேக்

டயமந்தினா,
2 மே 1974

அன்புள்ள ஜுரேமா,

சாவோ பாவுலோவில் பெரிய வீடொன்றில் உனக்குச் சமையல் வேலை கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். இங்கே என் தம்பி ஒஸ்மாரும் வில்மாவும் சுகம். வில்மா வந்த பிறகுதான் இந்த வீடு வீடாக இருக்கிறது. வருத்தப்படாதே, உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

உன் மகள்தான் பாடாய்ப் படுத்துகிறாள். மாலைக் காப்பிக்கு வில்மா கேக் வைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறாள். “இது எங்கம்மா கேக்கு இல்ல. எங்கம்மா எப்ப வருவாங்க?” ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது. இரவில் சோறும் இறங்குவதில்லை.

நீ சுடும் அந்த மக்காச்சோள கேக்கின் பக்குவத்தை எழுதி அனுப்பு. பிள்ளைக்காகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
எர்மீனியா


சாவோ பாவுலோ,
11 மே 1974

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு உறையைப் பிரித்தேன். தோரின்யா என்னைக் கேட்கிறாளா? கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அது எழுத்தில் வராது, அண்ணி. கைப்பழக்கம். ஜூனில் அவள் பிறந்தநாளுக்கு வீட்டுக்காரம்மாவிடம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். பஸ் ஏறி வந்து, உங்கள் விறகடுப்பிலேயே சுட்டுக் கொடுத்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறேன். ஒஸ்மார் கண்ணில் படமாட்டேன். வில்மா முன்னாலும் வரமாட்டேன். கொல்லை வழியாக வரச் சொன்னாலும் சரி.

உங்கள்,
ஜுரேமா


டயமந்தினா,
20 மே 1974

ஜுரேமா,

உன் கடிதத்தை ஒஸ்மாரிடம் காட்டினேன். “அவ வாசப்படிய மிதிக்கட்டும், நாய அவுத்து விடுறேன்” என்றான். வீட்டை விட்டுப் போனவள் நீ என்று நீதிபதியே தீர்ப்பு எழுதிவிட்டார். பிறகு எந்த உரிமையில் வருவாய்?

பிள்ளையின் பாவாடை இடுப்பில் நிற்பதில்லை. தினமும் ஊக்குப் போட்டு விடுகிறேன். நீ வேண்டுமென்றேதான் மறைக்கிறாய் என்று எங்களுக்குத் தெரியும். பட்டினி கிடந்தாலும் உன் நினைப்பிலேயே கிடக்கட்டும் என்றுதானே? நீயெல்லாம் ஒரு தாயா?

எர்மீனியா


சாவோ பாவுலோ,
28 மே 1974

அண்ணி,

நான் வீட்டை விட்டுப் போகவில்லை. கதவை உள்ளே தாழ் போட்டது யார் என்று உங்களுக்குத் தெரியும். அது போகட்டும்.

மறைத்தேன் என்பது உண்மை. இந்தக் கேக் இருக்கிறவரைதான் அவள் என்னைக் கேட்பாள். அது தெரிந்துதான் நீங்களும் பக்குவம் கேட்கிறீர்கள். ஆனால் பிள்ளை சாப்பிட வேண்டும்.

பாலைக் கொதிக்கவிட்டுச் சோம்பைப் போட்டு மூடுங்கள். வாசனை இறங்கியதும் அந்தச் சூட்டிலேயே மக்காச்சோள மாவைக் கொட்டிக் கிளறுங்கள். எல்லாரும் சோம்பைக் கடைசியில் தூவுவார்கள், அங்கேதான் பக்குவம் தப்பிப் போகிறது. ஆறிய பிறகு முட்டை, சர்க்கரை, வெண்ணெய், ஒரு கைப்பிடி துருவிய சீஸ், பேக்கிங் பவுடர். மாவு நீர்க்க இருக்கிறதே என்று பயந்து இன்னும் மாவைக் கொட்டாதீர்கள். தட்டையான தகரத்தட்டில் ஊற்றிச் சுடுங்கள். தோரின்யாவுக்கு ஓரம் பிடிக்காது. நடுத்துண்டு கொடுங்கள்.

அம்மா எழுதி அனுப்பியது என்று அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

ஜுரேமா


டயமந்தினா,
23 ஜூன் 1974

அன்புள்ள ஜுரேமா,

உனக்கு நல்ல செய்தி. வில்மாவுக்கு முதல் தடவையே கேக் அருமையாக வந்துவிட்டது.

அடுப்பிலிருந்து எடுத்ததுமே பிள்ளைக்கு வாசனை தெரிந்துவிட்டது. “அம்மா வந்துட்டாங்களா?” என்று வாசலுக்கு ஓடினாள். கொல்லைக்கு ஓடினாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“யாரும் வரலடி. நான்தான் சுட்டேன். உங்கம்மாவுக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்” என்றாள் வில்மா. அவள் கெட்டிக்காரி. பிள்ளை இன்னொரு தடவை வாசலை எட்டிப் பார்த்தாள். அப்புறம் உட்கார்ந்து சாப்பிட்டாள். மறுநாளும் சாப்பிட்டாள்.

இப்போது அவளே வில்மாவை அம்மா என்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. உன்னைப் பற்றிக் கேட்பதில்லை. ஒன்று சொல்கிறேன், அவள் அப்படியொன்றும் மெலிந்திருக்கவில்லை. பழைய பாவாடை, நாடா இற்றுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இனி எழுதிக் குழப்பாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
எர்மீனியா


சாவோ பாவுலோ,
1 ஜூலை 1974

அண்ணி,

பிரிக்கமாட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

மறுநாளும் சாப்பிட்டாள் என்றீர்களே, இன்னொரு துண்டு வேண்டும் என்று கேட்டாளா?

அதை மட்டும் எழுதுங்கள்.

ஜுரேமா