எல்லாத்துக்கும் ரைட்டு

என் ஆசை அத்தா,

ஸலாம். தேக்காவில் உங்கள் பாத்திரக் கடை திறந்தேதான் இருக்கிறது. நீங்கள் மவுத்தான பிறகு கல்லாவில் அம்மா. யாராவது விலையைக் குறைக்கச் சொன்னால் உங்களைவிட மோசமாக முறைக்கிறார்.

கல்லாவுக்குப் பின்னால் நீங்கள் கண்ணாடி போட்டு மாட்டிய என் பாலிடெக்னிக் டிராயிங்கும் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு பம்பு மூடியின் படம், சுற்றிலும் ரைட்டு போட்டது போன்ற குறிகள். "என் மக வரைஞ்சதுண்ணே. வாத்தியாரு ஒரு தப்புகூட கண்டுபிடிக்கல, எல்லாத்துக்கும் ரைட்டு!" என்று சட்டி வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் காட்டுவீர்களே! அது மார்க் இல்லை என்று நான் சொன்னால், "சும்மா இரும்மா, ரொம்பத்தான் அடக்கம்" என்பீர்கள். உங்களிடம் யார் பேசி ஜெயிப்பது?

இப்போதாவது கேளுங்கள். ஒரு பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்று அந்தக் குறி சொல்கிறது. மேலே கோடு இழுத்திருந்தால் கடைந்து எடுக்க வேண்டும். நடுவில் வட்டம் இருந்தால் சீவக் கூடாது. இரண்டு எண்கள் இருந்தால் ஒன்றைவிடச் சொரசொரப்பாகவும் கூடாது, மற்றதைவிட வழவழப்பாகவும் கூடாது.

ஜூரோங்கில் எங்கள் பட்டறையில் இந்த மாதம் தரச்சோதனைக்கு நான்தான் பொறுப்பு. என் கையெழுத்தில்லாமல் ஒரு சாமானும் வெளியே போகாது. ஆமாம், உங்கள் மகள்தான்!

முதலில் வந்ததே ஒரு பம்பு மூடி. கடைசல் பிடிக்கிற செல்வம், பட்டுக்கோட்டையிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர், ஆசை ஆசையாக எமரித் தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்தார். நீங்கள் பார்த்திருந்தால் கடை வாசலிலேயே வைத்திருப்பீர்கள். அளந்து பார்த்தேன். டிராயிங் கேட்டதைவிட வழவழப்பு.

"மூஞ்சியே தெரியுதுக்கா! இதப் போயி ரிஜெக்ட்டுங்கிறீங்களே?"

மேனேஜரும் வந்துவிட்டார். "கப்பல் வெயிட்டிங். இவ்ளோ ஷைனிங்கா இருக்கு, சைன் பண்ணிடு லா."

நான் சொல்வது தப்பாகிவிட்டால் வேலையே போய்விடும். ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. "ரப்பர் கேஸ்கட் பிடிச்சு உக்கார மெல்லிசா வரி வேணும் சார். கண்ணாடி மாதிரி இருந்தா பிரஷர் ஏறும்போது வழுக்கிப் பிதுங்கிரும்" என்றேன்.

செல்வம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி லேசாகக் கடைந்தார். நல்லவேளை, கனம் கொஞ்சம் மிச்சமிருந்தது. தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்த்தோம். ஒரு சொட்டு கசியவில்லை. மேனேஜர் தன் பேனாவையே எடுத்து நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் குக்கர் வாங்கக் கடைக்கு வந்தார். அம்மா சும்மா இருப்பாரா? உங்கள் பாட்டை ஆரம்பித்துவிட்டார். "என் மக வரைஞ்சதுப்பா. எல்லாத்துக்கும் ரைட்டு."

எனக்கு மானம் போனது. செல்வத்துக்கு அந்தக் குறிகள் அத்துப்படி. அவர் குக்கரைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு குறியாக, எண் எண்ணாகப் படித்தார். பிறகு அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆமாம்மா. எல்லாத்துக்கும் ரைட்டுதான்."

சட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதுவிட்டேன் அத்தா. நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அந்தப் படத்தைக் கழற்றவே மாட்டேன். அது மார்க் இல்லை என்று இனி யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

நீங்கள் ரைட்டு போட்ட மகள்,
ஜமீலா