அம்மா பேரில் இருக்கும் என் நம்பர்

வட்டம் 21, நெய்வேலி
வியாழக்கிழமை காலை

அன்பு மகள் எழில்மதிக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை தமிழ்மாறனும் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்கும் நாளில் இந்தக் கடிதம் உன் கைக்கு வரவேண்டும் என்று முத்தாண்டிக்குப்பம் அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜெயப்பிரகாஷ் நாளைக்கு அமெரிக்கா கிளம்புகிறான், பண்ருட்டியில் வாங்கிய முந்திரிப் பருப்பை அவனிடம் கொடுத்தனுப்புகிறோம். அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே இதையும் வைத்துவிடுகிறேன். இந்தக் காலத்தில் யாருங்க மாமா லெட்டர் எழுதறாங்க, ஒரு போன் போட்டா ஆச்சு என்று அவன் சிரித்தான். போன் எனக்கு எங்கே கிடைக்கிறது? நான் இதை எழுதும்போதுகூட உன் அம்மா உள்ளே உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள். நீ என்ன சொன்னாயோ, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஒளித்து வைக்க என்ன இருக்கிறது எழிலு, எனக்கு உன் அம்மா மேல் பொறாமை. இன்று நேற்று வந்ததில்லை, நீ ஊரை விட்டுப் போன ஆறு வருஷமாக இருக்கிறது. அந்தப் பொறாமையில் போன மாதம் நான் ஒரு காரியம் செய்தேன், அதை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அம்மா பேசும் அந்த நம்பர் எப்படி வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பதினோரு வருஷம் காண்ட்ராக்ட்டில் கிடந்து நான் பெர்மனென்ட் ஆன வருஷம் அது, நீ அப்போது காலேஜ் மூன்றாம் வருஷம். மெயின் பஜாரில் போன் கம்பெனிக்காரர்கள் குடை விரித்து உட்கார்ந்து மைன்ஸ் தொழிலாளிக்கு மட்டும் என்று ஒரு பிளான் கொடுத்தார்கள். நெட் எவ்வளவு ஓட்டினாலும் தீராது, நாளுக்கு இவ்வளவுதான் என்கிற கட்டு கிடையாது. பெர்மனென்ட் அட்டை இருந்தால்தான் தருவேன் என்றான். அந்த அட்டையை நீட்டி நான் வாங்கிய முதல் பொருள் அதுதான். பிறகு கம்பெனி அந்தப் பிளானை நிறுத்திவிட்டது, ஆனாலும் பழையவர்களுக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. பேர் என் பேர், ஆதார் என் ஆதார், கைரேகை என் கைரேகை. ஆனால் போன் இருப்பது உன் அம்மா இடுப்பில். மைன்ஸுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, உனக்கு எதற்கு அது என்று அவள் வாங்கிக்கொண்டாள், எனக்கு ஒரு பட்டன் போன் போதும் என்று நானும் பெரிய மனுஷனாட்டம் கொடுத்துவிட்டேன். உங்கள் ஊரில் ராத்திரி ஒன்பது, இங்கே காலை ஏழரை, அடித்தால் ஒன்றரை மணி நேரம் குறையாமல் பேச்சு ஓடும். வைத்ததும் நான் கேட்பேன், என்ன சொன்னாள் என்று. எழிலு பேசினா, நல்லாருக்காளாம், உன்ன கேட்டா என்பாள். ஒன்றரை மணி நேரப் பேச்சில் எனக்கு வந்து சேர்வது இந்த மூன்று வார்த்தைதான். ஒருமுறை நீ உன் போன் திரையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய், இத்தனை தடவை கூப்பிட்டேன் எடுக்கவில்லை என்று காட்ட. என் நம்பருக்கு மேலே அம்மா என்று இருந்தது, பக்கத்தில் அவள் முகம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய போனுக்கு பேட்டரி உப்பி முதுகு பிளந்துவிட்டது, ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாள். வீடியோவில் வந்தால் இரண்டே நிமிஷத்தில் சூடாகி அணைந்துபோகும். வயிறு ஐந்து மாசம் ஆகிறது, பிள்ளை முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று அவள் புலம்பியதும் நீ உடனே புதுப் போன் வாங்கி அனுப்பினாய். பெட்டி மேல் அம்மாவுக்கு என்று எழுதியிருந்தாய். அதையும் நான் பார்த்தேன். சரி, சிம்மை மாற்றித் தருவோம் என்று உட்கார்ந்தால் அந்தப் போனில் சிம் போடத் துளையே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு பக்கமும் தேடி, அடியில் இருந்த பொடித் துளையில் ஊக்கை விட்டு அழுத்தினேன், நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை, அது பேசுகிற மைக்காம். அப்புறம் ஜெயப்பிரகாஷ்தான் சொன்னான், அமெரிக்காவில் விற்கிற இந்த மாதிரி போனில் சிம் அட்டை கிடையாது, ஈ-சிம் என்று உள்ளேயே பதிய வேண்டும், பேருக்குரியவர்தான் கம்பெனி ஆபீசுக்குப் போய்க் கைரேகை வைக்கவேண்டும் என்று. இங்கே டவுன்ஷிப்பில் ஒரு பேச்சு உண்டு, போன் மாற்றினால் பழைய பிளான் போய்விடும் என்று. எங்கள் செக்‌ஷன் துரைராஜுக்கு அப்படித்தான் போனது. அதனால் உன் அம்மா பயந்தாள். போய் நல்லா விசாரிச்சிக்கினு வாய்யா, பிளானு போவுதுன்னா வேணாம் என்று என்னை அனுப்பினாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் தெளிவாகத்தான் சொன்னாள். பிளான் எங்கேயும் போகாது, விண்ணப்பத்தில் பழைய பிளானே தொடரட்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வையுங்கள், மாற்றிய பிறகு புதுப் பிளான் வேண்டுமா என்று மெசேஜ் வரும், அதற்கு மட்டும் சரி என்று அழுத்திவிடாதீர்கள், அழுத்தினால் பழையது திரும்ப வராது, துரைராஜ் சார் அப்படி அழுத்தித்தான் இழந்தார் என்று சொன்னாள். கையில் விண்ணப்பப் பாரத்தையும் கொடுத்தாள். பேனாவைத் திறந்தேன். அப்போது எனக்கு உன் போன் திரையில் இருந்த அம்மா என்கிற பேரும் பெட்டி மேல் இருந்த எழுத்தும் ஞாபகம் வந்தது. பேனாவை மூடி, பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, விசாரிச்சேன், பிளான் போயிடுமாம், கொஞ்ச நாள் பொறுப்போம், மேலதிகாரிக்கு எழுதியிருக்கு என்று சொல்லிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவள் நம்பினாள். புதுப் போன் பீரோவுக்குள் புடவைக்கு அடியில் போய்விட்டது. அது அங்கே இருக்க இன்னொரு போன் வாங்க யாருக்கு மனம் வரும்?

பழைய போன் அன்று ராத்திரியே அடியோடு செத்துப்போனது, மறுநாளே நீ என் பட்டன் போனுக்கு அடித்தாய். முதல் இரண்டு நாள் அவளிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் வீட்டுக்குள் டவர் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஏழு மணிக்கே பால் பூத்துக்குக் கிளம்பினேன். அந்த நேரம் அவளுக்குச் சமையல் வேலை, பின்னாலேயே வரமுடியாது. காலையில் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஷிப்ட் போடுகிற கொளஞ்சிநாதனிடம் கெஞ்சி மூன்று வாரமும் மத்தியான செகண்ட் ஷிப்ட் மாற்றி வாங்கினேன். ஏன்யா இப்படி, பொண்ணு பாக்க போறியா என்று அவன் கிண்டல் செய்தான். பூத் ஓரத்து வேப்பமரத்தடியில் நின்று உன்னோடு பேசியதுபோல என் ஆயுசில் யாரோடும் பேசியதில்லை எழிலு. மழை பெய்தால் மண் தோண்டுகிற பக்கெட் வீல் மெஷினை எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டாய், இருபது நிமிஷம் நிறுத்தாமல் சொன்னேன், நீயும் கேட்டாய். நீ கண்ணாடி போட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா கரண்டியோடு வாசலில் நிற்பாள், இன்னா சொன்னா என்று. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டே, பேசினா, நல்லாருக்காளாம், உன்ன கேட்டா என்பேன். ஆறு வருஷம் எனக்குக் கொடுத்ததை அப்படியே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன். அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் என்ன செய்தாள் தெரியுமா, நாள்காட்டித் தாளின் பின்னால் கேள்விகளை எழுதி என் பையில் வைத்தாள். வயிறு மேலே ஏறியிருக்கிறதா, முகம் வெளுத்திருக்கிறதா, கால் எப்படி இருக்கிறது, ஒன்றுக்குச் சரியாகப் போகிறதா. இதெல்லாம் அப்பன் மகளைக் கேட்கிற கேள்வியா? நான் கேட்கவில்லை. அவளிடம் மட்டும், கேட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் ஒருநாள் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், ஆபீஸ் ஷூ காலில் நுழையவில்லை அப்பா, அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன், எல்லாரும் பார்த்தார்கள் என்று. நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இது எனக்கு மட்டும் சொன்னது, அவளுக்குத் தெரியாதது என்று நாலு நாள் அதை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டேன். ஐந்தாம் நாள் சாப்பிடும்போது பெருமை தாங்கவில்லை, உனக்குத் தெரியுமா, உன் மகள் புருஷன் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனாளாம் என்று சொன்னேன். உன் அம்மா சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. என்னைக்கி சொன்னா என்றாள். நாலு நாள் ஆகிறது என்றேன். ஏன்யா, ஷூ நொழையலன்னா காலு வீங்கிக்கினு இருக்குன்னுதானய்யா அர்த்தம், ஆறு மாசத்துல காலு வீங்கனா ஆஸ்பத்திரிக்கி ஓடணும்யா, நாலு நாளா சிரிச்சிக்கினு இருந்தியா என்று கத்தினாள். எச்சில் கையோடு நான் உட்கார்ந்திருந்தேன். அவள் எதிர் குவார்ட்டர்ஸ் காந்திமதி வீட்டுக்கு ஓடி அவர்கள் போனில் உன்னைப் பிடித்து, காலைக் காட்டச் சொல்லிப் பார்த்து, மாப்பிள்ளையை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது உனக்கே தெரியும். பிரஷர் ஏறியிருக்கிறது, நல்லவேளை இப்போதே வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். அவள் ஒரு பார்வையில் கண்டுபிடித்ததை நான் நாலு நாள் காதில் வைத்துக்கொண்டு கோட்டை விட்டேன்.

அன்றைக்கே அவள் பீரோவிலிருந்து போனை எடுத்தாள். பிளானு போனா போவட்டும், எனக்கு என் பொண்ணு மூஞ்சி தெரியணும், கெளம்பு என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது, ஆனாலும் உண்மையைச் சொல்லாமல் மொபெட்டை எடுத்தேன். கவுன்ட்டரில் அதே பெண். என்னைப் பார்த்ததும், என்ன சார், போன மாசமே பாரம் கொடுத்தேனே, பிளான் எங்கேயும் போகாதுன்னு சொன்னேனே, ஏன் இவ்வளவு நாள் என்றாள். குட்டு உடைந்தது. உன் அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, அந்த பொண்ணு காட்டற கட்டத்துல டிக்கு போடுய்யா என்று மட்டும் சொன்னாள். கைரேகை வைத்தேன். அரை மணியில் நம்பர் புதுப் போனில் வந்துவிட்டது, பிளானும் அப்படியே இருக்கிறது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். ஆறு வருசமா நான் பேசறப்ப நீ எங்க குந்திக்கினு இருந்த? வாசப்படிக்கி அந்தாண்ட. நானாய்யா தள்ளனேன்? போன குடுத்தா சாப்டியா, ஒடம்ப பாத்துக்கோன்னு சொல்லிட்டு நெருப்ப தொட்டவனாட்டம் திருப்பி குடுப்ப. நானா புடுங்கனேன்?

நேற்று போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பா நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று நீ சிரித்தாய். சாப்டியா என்றேன், எழுந்து வந்துவிட்டேன். உன் முகம் தெரிந்து, பக்கத்தில் அவளும் இருந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மரத்தடியில் நின்றால்தான் வருகிறது. நீ என் மேல் கோபப்படு, அது நியாயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டன் போனுக்கும் ஒரு பத்து நிமிஷம் அடி. இந்தத் தடவை அவள் எழுதிக் கொடுக்கிற கேள்விகளையும் நான் கேட்பேன், வெட்கப்படாமல் பதில் சொல். உப்பைக் குறை, காலைத் தலையணை மேல் வைத்துப் படு, முந்திரியில் உப்புப் போடாததைத்தான் வாங்கினோம். புதுப் பிளான் மெசேஜ் வந்தால் எதையும் அழுத்தாதே என்று ஒரு தாளில் எழுதி அம்மா போன் முதுகில் ஒட்டிவிட்டேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து, நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், அப்பாவின் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மறக்காதே. அந்த நம்பர் அம்மா என்றே இருக்கட்டும், மாற்ற வேண்டாம், அவள் பார்த்த பார்வைக்கு அந்தப் பேர் அவளுக்குத்தான் பொருத்தம். ஆனால் இனிமேல் சில நாள் நானும் முந்திக்கொண்டு அதை எடுப்பேன். எடுத்ததும் அம்மா என்று கூப்பிட்டுவிடாதே, யார் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கூப்பிடு.

இப்படிக்கு,
அந்த நம்பருக்குக் கைரேகை வைத்தவன்,
உன் அப்பா தங்கராசு