என் பக்கத்துப் பிரேக்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம்தான், என் நெஞ்சைப் பற்றி மட்டும் டாக்டருக்கு வேறு அபிப்பிராயம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நீ நாலு கேள்வி கேட்பாய், அதனால் எழுதுகிறேன். வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டி மறுபடியும் கசிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் காவலுக்கென்று ஒரு நாய் வாங்கியிருக்கிறார், அது அவரைத் தவிர எல்லோரையும் பார்த்து வாலாட்டுகிறது. பயிற்சிக் காருக்குப் பெடல் ரப்பர் மாற்றினேன். அதைப் பற்றித்தான் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும்.

ஆபரேஷன் என்று முடிவானதும் என்னிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஆறு பேரையும் வேறு டிரைவிங் ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டேன், உன் அம்மா ஒருத்திதான் மிச்சம். அவள் மூன்று தடவை லைசென்ஸ் பரீட்சையில் தோற்றது உனக்குத் தெரியும். மூன்று தடவையும் ஒரே காரணம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. ஆய்வாளர் ஒரு சிடுமூஞ்சி, அவரைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று ஒவ்வொரு தடவையும் உன்னிடம் சொன்னது நான்தான். இருபத்திரண்டு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனுக்குக் கட்டிய மனைவிக்குக் கற்றுக்கொடுக்கத் துப்பில்லை என்று பட்டறையில் பேசிச் சிரிக்கிறார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் இந்தத் தடவை அவள் தேறியே ஆக வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் நான் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நம் தெருவுக்கு வாடகை வண்டி வந்து சேர்வது உனக்கே தெரிந்த கதை. ஆபரேஷன் சரியாகப் போகவில்லை என்றாலும் வண்டியை அவள்தானே ஓட்ட வேண்டும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை, அவளும் என்னிடம் சொல்லவில்லை. இந்தக் கவலையில்தான் போன கடிதத்தில், புது வேலையில் சேராதே, இரண்டு மாதம் இங்கே வந்து இரு என்று உனக்கு எழுதினேன்.

ரப்பருக்கு வருகிறேன். கிளட்சில் கால் வழுக்குகிறது, அதுவும் செருப்பு ஈரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம் என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு முன்னால் மாற்றிவிடலாம் என்று ஒரு செட் வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நானே மாற்றியிருப்பேன், குனிந்து எதையும் செய்யக் கூடாது என்று உத்தரவு. பயிற்சி வண்டியில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் இருப்பது போலவே என் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டல்லவா, நான் மிதித்தால் அந்தப் பக்கத்துப் பெடலும் தானாக உள்ளே போகும். பட்டறைக்காரர் டார்ச்சோடு அந்தப் பக்கம் தலையை விட்டுப் பார்த்தார். கிளட்ச் ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பிரேக் ரப்பரில் கோடுகள் அப்படியே இருந்தன, தூசியைத் தட்டினால் கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்வார், அவ்வளவு புதுசு. பிறகு என் பக்கம் வந்தார். என் பிரேக் ரப்பர் நடுவில் ஓட்டையாகி, உள்ளே இருக்கிற தகடு பளபளத்தது. வாங்கிப் போன பிரேக் ரப்பர் அங்கேதான் தேவைப்பட்டது. பழசை நெம்பி எடுத்து, புதுசைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு ஓரத்தை மாட்டிவிட்டு மற்ற ஓரங்களை முனை மழுங்கிய ஸ்குரூ டிரைவரால் சுற்றிலும் ஏற்றினார். கையைத் துடைத்துக்கொண்டே, "இத்தன நாளா வண்டிய ஓட்டுனது அவங்க இல்ல சார், நீங்கதான்" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தூரத்தில் ஒரு சைக்கிள் தெரிந்தாலே என் கால் இறங்கிவிடும், அது கெட்டிக்காரத்தனம் என்றே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை என் சீட்டை முழுதாகப் பின்னால் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சம்மணம் கூட்டி உட்கார்ந்தேன். இலை போடணுமா என்று அம்மா கேட்டாள். இனி என் பக்கத்துப் பிரேக்கைத் தொடப் போவதில்லை என்றேன், அவள் வண்டியைக் கிளப்பினாள். தபால் ஆபீஸ் திருப்பத்தில் ஒரு குப்பை லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. நம் வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நான் இரண்டு கையாலும் என் பாதங்களைப் பிடித்துக்கொண்டேன். பதற்றமே கூடாது என்று டாக்டர் சொன்னது சரியாக அப்போது ஞாபகத்துக்கு வந்தது. லாரியின் பின்னால் பொடி எழுத்தில் எழுதியிருந்ததைக்கூட வாசிக்கிற தூரத்தில் அவள் பிரேக்கை மிதித்தாள், வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி அணைந்துபோனது. பின்னால் யாரோ ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "நீங்க மிதிப்பீங்கன்னு தெரியும். அதனாலதான் நான் மிதிக்கறதே இல்ல" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பிறகு பதினோரு நாள் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையாகப் பார்த்து அப்படியே சம்மணத்தில் போய்வந்தேன். கால் மரத்துப்போகும், இறங்கியதும் கொஞ்ச நேரம் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். முன் பம்பரில் ஒரு கீறல், நம் வீட்டுச் சுவர் உபயம், வேறு சேதம் இல்லை.

போன வியாழக்கிழமை பரீட்சை. அதே சிடுமூஞ்சி. நான் தகரக் கொட்டகையில் காத்திருந்தேன், தரையை மிதித்துக்கொண்டே இருந்தேன், தன் காலையும் மிதித்துவிட்டேன் என்று பக்கத்தில் நின்றவர் புகார் செய்தார். தரையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்தி, அம்மா தேறிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியில், ஆபரேஷன் முடிந்து என்னை அழைத்து வரும்போது நான் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்றாள். நெஞ்சில் தையல் இருப்பவர்கள் பின்னால் உட்காருவதுதான் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். இருக்கலாம். டாக்டர் சொல்லாவிட்டாலும் அவள் சொல்லியிருப்பாள்.

இந்தக் கடிதத்தை முதலில் வேறு மாதிரி முடித்திருந்தேன். அம்மாவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது, இனி நீ வரத் தேவையில்லை, பேசாமல் புது வேலையில் சேர்ந்துகொள் என்று எழுதி அவளிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவள் அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "வான்னும் நீங்களே சொல்றீங்க, வராதன்னும் நீங்களே சொல்றீங்க. தேதிய மட்டும் எழுதுங்க, மத்தத அவ பாத்துக்குவா" என்றாள். ஆகவே இந்தத் தாளில் மறுபடியும் எழுதினேன். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், மாப்பிள்ளையை நாங்கள் இருவரும் விசாரித்ததாகச் சொல். ஆபரேஷன் தேதி, வருகிற மாதம் பதினேழு, திங்கட்கிழமை, காலை எட்டு மணி. எனக்குப் பயமாக இருக்கிறது. அதை எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன், அதை எழுதலாம் என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா