பிஸ்மார்க் தபால் முத்திரை

1941 மே 22, வியாழன்
மழை விட்டு விட்டுப் பெய்கிறது. சலூனில் கூட்டமில்லை. பக்கத்துத் தையல் கடை மிஸஸ் பாஸ்கோ என் வெள்ளைத் துணிகளுக்கு ஓரம் அடித்துக் கொடுத்தார். இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து வந்து இருபது வருடம் ஆகியும் இந்த டகோட்டாக் காற்றைத் திட்டாத நாள் கிடையாது. அவருடைய அக்கா மகன் இங்கிலாந்துக் கடற்படையில் இருக்கிறானாம். எந்தக் கப்பல் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஆள் வந்துவிட்டது.

மே 24, சனி
'பிஸ்மார்க்' என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இங்கிலாந்தின் 'ஹூட்' கப்பலை மூழ்கடித்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். டகோட்டா மாநிலத் தலைநகரான எங்கள் ஊரின் பெயரும் அதுதானே! சலூனே அமளிதுமளி. தானியக் கிடங்கு காட்ஃப்ரீட் நாற்காலியிலிருந்தே கத்தினான். "டேய் எமில், நம்ம ஊரு ஜெயிச்சிருச்சுடா!"

ஹிட்லர் மேல் எங்களுக்குப் பாசம் ஒன்றுமில்லை. வீட்டில் ஜெர்மன் பேசுகிறோம், அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. சவரச் சோப்பைத் தொட்டு வாசல் கண்ணாடியில் பெரிதாக எழுதினேன்: பிஸ்மார்க் 1, இங்கிலாந்து 0.

சற்று நேரத்தில் மிஸஸ் பாஸ்கோ ரொட்டிப் பையோடு வந்தார். நின்று படித்தார். தன் கடைக்குள் போனார்.

"மூஞ்சியப் பாருடா" என்றான் காட்ஃப்ரீட். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மே 25, ஞாயிறு
ஆலயத்தில் யாரோ சொன்னார்கள் என்று என் மனைவி காத்தரினா வந்து சொன்னாள். மிஸஸ் பாஸ்கோவின் அக்கா மகன் ஹூட்டில்தான் இருந்தானாம். ஆயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்து என்ன? படிக்க வேண்டியவர் படித்துவிட்டாரே.

மே 27, செவ்வாய்
பிஸ்மார்க்கும் மூழ்கிவிட்டது. அதிலும் இரண்டாயிரம் பேராம்.

"ஆட்டம் சமமாயிருச்சுடா, எழுது" என்றான் காட்ஃப்ரீட். அவனைப் பாதிச் சவரத்தோடு வெளியே தள்ளினேன். அவன் மேல் கோபமா, என் மேலா?

மே 30
தையல் கடை இன்னும் பூட்டியே இருக்கிறது. அவர் வீட்டுக் கதவு வரைக்கும் போனேன். தட்டவில்லை. கோழை.

ஜூன் 5, வியாழன்
கடை திறந்திருந்தது. போய்விட்டேன்.

"கண்ணாடியில எழுதினது நான்தாம்மா."

"தெரியும். தினமும் உங்க விலைப் பலகையப் பாக்குறேன், அந்த எழுத்து தெரியாதா எனக்கு?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் தையல் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத மட்டும் இப்ப என்கிட்ட கேக்காதீங்க."

திரும்பிப் போக நினைத்தேன். மேசை மேல் ஒட்டிய கடித உறை ஒன்று கிடந்தது. "தபால்ல போட்டுட்டு வரட்டுமா?" என்றேன். அதற்குத்தான் வெடித்தார்.

"எங்க அக்காவுக்கு எழுதினது. இங்க எப்படிப் போடுவேன்? ஸ்டாம்பு மேல பிஸ்மார்க்குனு குத்துவானே! புள்ளையத் தின்ன பேர அவ வாசலுக்கே அனுப்பணுமா?"

நான் சொன்னேன். "ஆத்துக்கு அந்தப் பக்கம் மாண்டன் ஊர்ல போட்டா மாண்டன் முத்திரைதான் விழும். கார்ல கூட்டிட்டுப் போறேன்."

கடித உறையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார்.

"நானே என் கையால போடணும்" என்றார்.

ஜூன் 7, சனி
சனிக்கிழமை அதுவுமாய் சலூனைப் பூட்டிவிட்டுப் போனோம். போக வர அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மாண்டன் தபால் நிலையத்தில், குமாஸ்தா முத்திரை குத்தும்வரை அவர் நகரவில்லை. எட்டிப் பார்த்துப் படித்த பிறகுதான் வந்தார்.

சாயங்காலம் காட்ஃப்ரீட்: "என்னடா, இங்கிலாந்துக்கு டிரைவர் ஆயிட்டியாமே?"

ஆமாம் என்றேன்.

நவம்பர் 1, சனி
இந்த மாதக் கடிதத்துக்கும் மாண்டன் போனோம். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை; நானும் மறுபடி கேட்கவில்லை. திரும்பும் வழியில், தானாகவே பேசினார்.

"அந்தப் புள்ளைக்கு டென்ஸில்னு பேரு. முடிவெட்ட மட்டும் உக்காரவே மாட்டான். அவன் தூங்கும்போதுதான் அக்கா கத்தரிப்பா. ஒரு பக்கம் எப்பவும் தூக்கிக்கிட்டே நிக்கும்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். தொழில் புத்தி.

"இடது பக்கம்" என்றவர் தன் காதுக்கு மேலே தொட்டுக் காட்டினார். அந்தக் கை அங்கேயே நின்றுவிட்டது.

ஆற்றுப் பாலம் வந்தது; அக்கரையில் பிஸ்மார்க். காரை மெதுவாக ஓட்டினேன்.