பொட்டு வைத்த அட்டவணை

கிள்ளான்,
25.8.1985

அன்புத் தம்பி குணாளனுக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் நலம். கல்யாண வீட்டுக் கடிதம் நல்ல சொல்லோடு தொடங்க வேண்டும் என்று அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டுமாம். பினாங்கில் விடுதிச் சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று கேட்கச் சொன்னார். கேட்டுவிட்டேன்.

ஒரு வழியாக மண்டபத்தின் மேல்தளத்துக்கு வெள்ளிக்கிழமை கான்கிரீட் போட்டாயிற்று. பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. நல்ல காரியத்தில் மழை வந்தால் நல்லது என்று அப்பா சட்டையெல்லாம் நனைய நின்றார். முப்பது வருஷமாக ஊராருக்கு வீடு கட்டியவர் தமக்கென்று கட்டும் முதல் கட்டடம் அல்லவா, அவரைப் பிடிக்க முடியவில்லை. வாசலில் என் பெயரை வைக்கப் போகிறாராம். அதில் நடக்கும் முதல் கல்யாணமும் என்னுடையது. எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

என் நிச்சயதார்த்தத்துக்கு நீ வந்தபோது சுவரளவு பெரிய மாஜோங் தாளில் ஓர் அட்டவணை வரைந்து கொடுத்தாயே, அதுதான் இப்போது எங்கள் வீட்டுக் குலதெய்வம். உன் திட்ட மேலாண்மை வகுப்பு தொடங்கிச் சில நாள்கூட ஆகவில்லை, அதற்குள் வட்டம், அம்பு, நடுவில் சிவப்புக் கோடு என்று போட்டுத் தள்ளினாய். முகூர்த்த நாளை வலது ஓரத்தில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வேலைகளை அடுக்கினாய். குறைகுடம் கூத்தாடும் என்று நான் கேலி செய்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை மண்டபச் சுவரில் ஒட்டி, மேலே பிள்ளையார் படம் மாட்டி, பூசை போட்டு நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்.

உன் பாடத்தில் ஆடி மாதம் இல்லை போலிருக்கிறது. நீ கான்கிரீட் போடச் சொன்ன நாள் ஆடியில் விழுந்தது. ஆடியில் கூரை போடுவாரா அப்பா? ஆவணி பிறந்த பிறகுதான் ஆள் இறக்கினார். முகூர்த்தத் தேதி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆவணியை விட்டால் புரட்டாசி, அதற்கப்புறம் ஐப்பசிதான், அதுவரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டார்கள். கேட்டால் அப்பா உன்னைக் காட்டுகிறார். ஆள் கூட்டினால் நாள் குறையும் என்று என் மகன் யூனிவர்சிட்டியில் படித்து வந்து சொல்லியிருக்கிறான் என்கிறார். பந்திங்கிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்தபோது அவர்களிடமும் இதையே சொன்னார்.

நீ தட்டச்சு செய்யச் சொல்லி அனுப்பிய பாடக் குறிப்புகள் வந்துவிட்டன. ஆபீஸில் ஓய்வு கிடைக்கும்போது அடித்து அனுப்புகிறேன். உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கிறது.

அம்மா தன் ஆசியையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். நன்றாக இரு.

அன்புடன்,
அக்கா ரமணி


பிரிக்பீல்ட்ஸ்,
2.9.1985

அன்புத் தம்பி குணாளனுக்கு,

இதை ஆபீஸிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லாத கடிதம். இன்று வேலை முடிந்ததும் எனக்குக் கல்யாண லீவு தொடங்குகிறது, நாளையிலிருந்து வெளியே விட மாட்டார்கள். நேற்று வீட்டில் முகூர்த்தக்கால் நட்டாயிற்று.

உன் விடுதிக்குக் காலையில் இரண்டு தடவை போன் செய்தேன். உன்னைக் கூப்பிடப் போனவர் இரண்டு தடவையும் திரும்பி வரவில்லை.

உன் குறிப்புகளை அடித்துக்கொண்டு வந்தேன். மூன்றாம் பாடத்தில் உன் கையால் நீயே எழுதியிருக்கிறாய்: காத்திருப்பதும் ஒரு வேலை, ஆளே இல்லாவிட்டாலும் அதற்கும் அட்டவணையில் இடம் வேண்டும், ஆள் கூட்டி அதைச் சுருக்க முடியாது. உதாரணத்துக்கு உன் விரிவுரையாளர் சொன்னது கான்கிரீட். அகலமான கூரை என்றால் முழுப் பலம் வர ஏறக்குறைய ஒரு மாதம், அதுவரை கூரையைத் தாங்கும் முட்டுக்கால் கீழே நிற்க வேண்டும் என்று இருக்கிறது. அடித்துக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. உன் மாஜோங் தாளில் அப்படி ஒரு வட்டம் இல்லை, தம்பி. கான்கிரீட் போடு, அடுத்த அம்பு, பலகை பிரி. அவ்வளவுதான். நீ அதைக் கவனித்தாயா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. இட்லி மாவை ஆறு பேர் சேர்ந்து அரைத்தாலும் அது பொங்குகிற நேரத்துக்குத்தான் பொங்கும், இது எனக்கே தெரியும், அன்றைக்கு எனக்கும் தோன்றவில்லையே.

கான்கிரீட் போட்டு இரண்டு வாரம்கூட ஆகாமல், இந்த வியாழக்கிழமை காலை முட்டுக்கால்களை எடுக்கிறார்கள். பளிங்குத் தரை போடுகிறவர்களும் மணவறை ஜோடிக்கிறவர்களும் உள்ளே வர வேண்டுமாம். இதற்குள் கூரைமேல் தண்ணீர்த் தொட்டியை ஏற்றி நிரப்பியும் விட்டார்கள். எல்லா வேலையும் ஒரே நேரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நடக்க வேண்டும் என்று நீ சொன்னாயாம்.

கான்கிரீட்டுக்குப் பலகையும் முட்டும் அடிக்கும் வேலையைக் குத்தகை எடுத்த ஆ செங் அங்கிளை உனக்கு நினைவிருக்கும், சின்ன வயதில் உனக்கு மாண்டரின் ஆரஞ்சு கொடுப்பார். சனிக்கிழமை அவர் வந்து பார்த்துவிட்டு, தன் ஆட்கள் இப்போது கை வைக்க மாட்டார்கள் என்றார். அப்பா ஏன் என்று கேட்டார். வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அங்கிள் மலாயில் ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லைத் தமிழில் எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பாவின் முகம் கறுத்துப் போயிற்று. கல்யாணக் கட்டடத்தில் நின்றுகொண்டு அபசகுனமாகப் பேசுகிறாயா என்று அத்தனை வருஷப் பழக்கத்தையும் ஒரு நொடியில் அறுத்து அனுப்பிவிட்டார். இப்போது நாகையா மாமா கேரி தீவிலிருந்து நான்கு தோட்டத்துப் பையன்களைக் கூட்டி வருகிறார். மரம் வெட்டத் தெரிந்த பையன்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. நேற்றுக் கால் நட்ட பிறகு, அப்பா நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று பார்த்து, முட்டுக்கால்கள் இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டுமே என்றேன். கல்யாணத்துக்கு வந்தவர்கள் கம்பத்துக்குக் கம்பம் ஒளிந்து விளையாடுவதா என்று சிரித்தார். முகூர்த்தத்தைக் கோயிலில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். “பொட்டு வச்ச தாள்மா, அதுல கை வைக்கக் கூடாதுலா” என்றார். ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஓடி வந்து என் வாயைப் பொத்திவிட்டார். மணப்பெண் வாயால் அப்படி ஒரு சொல் வரலாமா என்று அழுதார். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பூ எவ்வளவு, வாழைமரம் எங்கே என்று சத்தமாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு முறை மண்டபத்துக்குப் போனேன். என் மணவறை வரப்போகும் இடத்துக்கு நேர் மேலே, உத்தரம் சுவரில் சேரும் இடத்தில், ஒரு கோடு ஓடியிருக்கிறது. முட்டுக்கால்கள் இருக்கும்போதே. மழைத்தண்ணீர் கறை என்று நாகையா மாமா சொன்னார். நான் ஏணி வைத்து ஏறி விரலால் தடவினேன். நகம் உள்ளே போயிற்று.

மத்தியானம் உனக்குத் தந்தி கொடுக்கத் தபால் நிலையத்துக்குப் போனேன். எழுத வேண்டியது அந்த ஒரு சொல்தான். பேனாவை எடுத்தேன், வைத்தேன், வந்துவிட்டேன். அபசகுனம் என்று அப்பாவைச் சொல்கிறேனே, நானும் அவர் பெண்தான். அதனால் இந்தக் கடிதத்தை எக்ஸ்பிரஸ் தபாலில் சேர்க்கிறேன். வருமுன் விசாரித்ததில், புதன்கிழமைக்குள் உன் கையில் இருக்கும் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். நிச்சயமாகவா என்று கேட்டேன், வழக்கமாக என்றாள்.

கிடைத்ததும் நீயே வந்துவிடு. பரீட்சை இருந்தால் இருக்கட்டும். என் கல்யாணம் நின்றாலும் நிற்கட்டும், அதை நான் இங்கே எழுதித் தருகிறேன். நான் சொன்னால் அபசகுனம், சீனர் சொன்னால் வயிற்றெரிச்சல். நீ சொன்னால் அது படிப்பு. அந்த அட்டவணையை வரைந்த கை வந்து கிழித்தால் அப்பா பொறுத்துக்கொள்வார். கிழிக்கிற பாவம் எதுவானாலும் பாதி எனக்கு.

பட்டர்வொர்த்தில் புதன் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கோலாலம்பூர் புடு ராயாவில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கிள்ளான் பஸ். முட்டுக்கால் எடுப்பதற்கு முன் ஏழரைக்குத்தான் பூசை.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், முதல் முட்டுக்காலைக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் தம் கையால்தான் தட்டி எடுக்க வேண்டுமாம். அப்பா புது வேட்டி வாங்கி வைத்திருக்கிறார். உள்ளே அவர் தனியாகத்தான் போவார், பிறகுதான் பையன்கள்.

அப்பா பெயருக்குக் கோயிலில் ஓர் அர்ச்சனை செய் என்று எழுதி முடிக்க நினைத்தேன். வேண்டாம். கோயிலுக்குப் போய் நிற்காதே, தம்பி. நேரே பஸ் ஏறு.

வாசலில் உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா ரமணி